ஆன்மிகத் தேவை அறிதல் (செவிலியம், வடசென்னை)

நோயாளி எதைப் பற்றிக்கொண்டு நோயைத் தாங்குகிறார், எந்த வழிபாட்டை விட மாட்டார், எதை எண்ணி மருகுகிறார் என்று செவிலியர் கேட்டறிந்து, பராமரிப்பை அதற்கேற்ப அமைப்பது. சேர்க்கைத் தாளில் ‘மதம்’ என்ற கட்டத்தை நிரப்புவதோடு இந்த வேலை முடிந்ததாகப் பல வார்டுகளில் நினைக்கிறார்கள்.

வடசென்னையில் இதன் முன்கதை கஞ்சியில் தொடங்குகிறது. 1782 பஞ்சத்தில் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி வளர்ந்த மருத்துவமனைதான் இன்றைய ஸ்டான்லி. 1938-இல் மருத்துவக் கல்லூரியான பிறகும் பழையவர்களுக்கு அது ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’. ராயபுரத்துப் பெண்களுக்கு வைத்தியம் பார்க்க 1888-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்தார் மருத்துவர் மட்டில்டா மக்ஃபெயில். அவருடைய சிறு மருந்தகம் 1914-இல் கிறிஸ்டினா ரெய்னி மருத்துவமனையாயிற்று. அக்கால மிஷன் மருத்துவமனைகளில் பொதுவாக வேத வாசிப்பும் ஜெபமும் அன்றாட வழக்கம். பரிவில் குறையில்லை. ஆனால் படுத்திருப்பவரின் சாமி எது என்று கேட்கும் வழக்கம் அப்போது உருவாகியிருக்கவில்லை.

கேட்கும் முறை பிறகுதான் வந்தது. செவிலியர் வர்ஜீனியா ஹென்டர்சன் நோயாளிக்கென வகுத்த 14 அடிப்படைத் தேவைகளில் தன் நம்பிக்கைப்படி வழிபடுவதும் ஒன்று. லண்டனில் 1967-இல் இறுதிக்கால நோயாளிகளுக்கான செயின்ட் கிறிஸ்டோபர் காப்பகத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ், உடல்வலியோடு மனம், உறவு, ஆன்மா ஆகியவற்றின் வேதனையையும் சேர்த்து ‘முழுவலி’ என்றார். 1979-இல் செவிலியர் ரூத் ஸ்டோல் நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளை நான்காக வகுத்தார்: கடவுள் பற்றிய எண்ணம், பலம் தருவது எது, எந்தச் சடங்கு முக்கியம், நம்பிக்கைக்கும் நோய்க்கும் என்ன தொடர்பு.

இந்நான்கும் இப்பகுதி வார்டில் பொருந்துமா? மூன்றாவது எளிது. ஒருவர் தலையணைக்கடியில் வடிவுடையம்மன் குங்குமம், அடுத்த கட்டிலில் தர்காவில் ஓதிய தண்ணீர், அதற்கடுத்து ஜெப எண்ணெய். ராயப்பர் (புனித பேதுரு) பெயரில் அமைந்த ராயபுரத்தில் பார்சிகளின் அக்கினிக் கோயிலும் இருக்கிறது. ரமலான் நோன்பிருக்கும் சர்க்கரை நோயாளியிடம் கேட்காமல் இன்சுலின் நேரம் குறித்தால் ஆபத்து. தாயத்தையோ தாலியையோ ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் முன் கழற்றச் சொல்லும்போது, யார் கையில் கொடுப்பது என்பதையும் கேட்க வேண்டும். கடினமானது நான்காவது. ‘குலசாமிக்கு நேர்ந்ததைச் செய்யலை, அதான் படுத்துட்டேன்’ என்பவருக்கு மாத்திரையைப் பற்றிய விளக்கம் மட்டும் போதாது. காசிமேட்டு மீனவரின் மருகலோ சாமியைப் பற்றியதே அல்லாமல், இனிக் கடலேற முடியுமா என்பதாக இருக்கலாம். அதுவும் இத்தலைப்பில் அடங்கும்.

வடசென்னையில் இக்கேள்விகளுக்கு அதிக இடம் கிடைப்பது, வேதனையைக் குறைப்பதையே நோக்கமாகக் கொண்ட தணிப்புப் பராமரிப்பில்தான். மணலியை அடுத்த மாத்தூரில் உள்ள ஜீவோதயா, முற்றிய புற்றுநோயாளிகளுக்கான காப்பகம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தணிப்புச் செவிலியர் வீட்டுக்கே போகிறார். அங்கே வாசல்படி தாண்டியதுமே சுவரில் மாட்டிய படங்கள் பாதிப் பதிலைச் சொல்லிவிடும். மீதியைப் பாயில் படுத்திருப்பவரிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும்.