அதியமான் மண்ணும் கரும்பும்

அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர் என்று புறநானூறு கூறுகின்றது. அதியமான்கோட்டைப் பகுதியினராகிய எமக்கு அது பெருமை. ஆயினும் வந்த பயிர் வாழ அறிவின் துணை வேண்டும்.

1912ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் நிறுவப்பெற்றது. பார்பர், டி. எஸ். வெங்கடராமன் ஆகிய அறிஞர்கள் சாறு மிக்க கரும்பை வன்மை மிக்க காட்டுக்கரும்போடு இணைத்தனர். 1918இல் வெளிவந்த கோ 205 பஞ்சாபின் வயல்களை அடைந்தது. 1932இல் காப்புவரியும் கிடைக்கவே, சர்க்கரை ஆலைகள் பெருகின.

2009இல் வெளியான கோ 0238 வடநாட்டு உழவருக்கும் ஆலைக்கும் பெருவளம் தந்தது. ஆதலின் எங்கும் அதனையே நட்டனர். பின்னர்ச் செவ்வழுகல் நோய் அதனைப் பற்றிப் பரவியது.

விளைச்சல் மிகும் காலத்திலேயே உழவர் பயிரின் குறையை உரைக்கவேண்டும்; ஆலையார் பல வகைகளுக்கும் இடந்தரவேண்டும்; ஆய்வாளர் அடுத்த வகையை ஆயத்தம் செய்யவேண்டும். இம்மூவர் உறவு தளரின் கரும்பும் தளரும்.