பூல்டன்–வாட் நீராவி எந்திர வணிகம்

பூல்டன்–வாட் நீராவி எந்திர வணிகம் என்பது, ஜேம்ஸ் வாட் உருவாக்கிய நீராவி எந்திரத்தை 1775 முதல் 1800 வரை இங்கிலாந்தின் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் விற்ற கூட்டு முயற்சியைக் குறிக்கும். ஓட்டிக் காட்டப்பட்ட ஒரு தொழில்நுட்பம் எவ்வாறு விலைபோகும் சரக்காயிற்று என்பதற்குத் தொழில் வரலாற்றில் இதைவிடத் தெளிவான சான்று அரிது.

1712 முதல் சுரங்க நீரை இறைத்துவந்த நியூகமன் எந்திரத்தில், ஒவ்வொரு வீச்சுக்கும் உருளைக்குள்ளேயே குளிர்நீரைத் தெளித்து நீராவியைக் குளிர்வித்தனர். கூடவே உருளையும் குளிர்ந்தது. அதை மறுபடி சூடாக்குவதிலேயே நிலக்கரியின் பெரும்பகுதி வீணாயிற்று. நீராவியைத் தனிக் கலத்தில் குளிர்விக்கும் வழியை, கிளாஸ்கோ பல்கலைக்கழகக் கருவி வினைஞரான வாட் 1765இல் கண்டார். 1769இல் காப்புரிமை கிடைத்தது. ஆயினும் வாடிக்கையாளரிடம் எந்திரம் போய்ச்சேர மேலும் ஏழு ஆண்டுகள் பிடித்தன. சிறிய மாதிரி ஒழுங்காக ஓடியது. ஸ்காட்லாந்தின் கின்னீலில் கட்டிய பெரிய எந்திரமோ நீராவியைக் கசியவிட்டது. அத்தனை பெரிய உருளையைத் துல்லியமாகக் குடைந்து தர ஆளில்லை. முதல் போட்ட ஜான் ரோபக் 1773இல் நொடித்துப்போனார். அவருடைய மூன்றில் இரண்டு பங்கு, கடனுக்கு ஈடாகப் பர்மிங்ஹாம் தொழிலதிபர் மாத்யூ பூல்டன் கைக்கு வந்தது.

சிக்கல் தீர வழி பீரங்கிப் பட்டறையிலிருந்து வந்தது. பீரங்கிக் குழல் குடைய 1774இல் புதிய முறை கண்ட ஜான் வில்கின்சன், எந்திர உருளையையும் பழைய ஷில்லிங் நாணயத்தின் கனத்துக்கு மேல் பிசகாமல் குடைந்து தந்தார். 1775இல் நாடாளுமன்றம் காப்புரிமையை 1800 வரை நீட்டித்தது. 1776 மார்ச்சில் டிப்டன் அருகே புளூம்ஃபீல்டு நிலக்கரிச் சுரங்கத்தில் முதல் வணிக எந்திரம் பலர் முன்னிலையில் ஓடத் தொடங்கியது. அதே காலத்தில் நிறுவிய இன்னொன்று, வில்கின்சனின் இரும்பு உலைக்குக் காற்று ஊதியது. உருளை தந்தவரே முதல் வாடிக்கையாளர்களுள் ஒருவரானார்.

நிலக்கரிச் சுரங்கத்தின் வாசலிலேயே கரி மலிவாகக் குவிந்து கிடக்கையில், அதை மிச்சம் பிடிக்கும் எந்திரத்துக்கு அங்கே பெரிய மதிப்பில்லை. உண்மையான சந்தை கார்ன்வாலில் இருந்தது. அங்குள்ள செம்பு, வெள்ளீயச் சுரங்கங்களுக்கு வேல்சிலிருந்து கப்பலில் கரி வர வேண்டும். செலவில் பெரும்பங்கு அதற்கே போயிற்று. இதை அறிந்த கூட்டாளிகள் எந்திரத்துக்கென்று விலையே வைக்கவில்லை. உருளை வில்கின்சனிடமிருந்தும் நுட்பமான வால்வுகள் பூல்டனின் சோகோ பட்டறையிலிருந்தும் வரும். பாகங்களின் செலவு சுரங்கத்தாருடையது. வரைபடமும் பொருத்தும் ஆளும் கூட்டாளிகள் பொறுப்பு. அதே வேலைக்கு நியூகமன் எந்திரம் எரித்திருக்கக்கூடிய கரியைக் கணக்கிட்டு, மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கை உரிமைத்தொகையாகப் பெற்றனர். கணக்கில் தகராறு வராதிருக்க, எந்திரத்தின் துலா ஏறி இறங்குவதை எண்ணும் கருவி ஒன்றைப் பூட்டிய பெட்டிக்குள் வைத்தனர். புதுக் கண்டுபிடிப்பை நம்பாத சுரங்கத்தாரும் அந்தப் பெட்டியின் எண்ணை நம்ப முடிந்தது. வாட்டின் எந்திரத்தை விற்றுத் தந்ததில் பூல்டனின் இந்த ஏற்பாட்டுக்கு உள்ள பங்கு, தனிக்கலத்துக்கு உள்ள பங்குக்குக் குறைந்ததன்று.

ஆலைகளுக்கான சுழல் எந்திரத்தில் இக்கணக்கு செல்லவில்லை. அங்கே எந்திரம் வந்தது நியூகமன் எந்திரத்துக்குப் பதிலாக அன்று, குதிரைகளுக்குப் பதிலாக. எனவே குதிரைத் திறனை அளவாகக் கொண்டு, ஒரு குதிரைத் திறனுக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு, லண்டனில் 6 பவுண்டு என வாங்கினர். லண்டனில் 1786இல் இயங்கத் தொடங்கிய ஆல்பியன் மாவு ஆலை இவ்வகை எந்திரத்துக்குப் பெரிய விளம்பரமாயிற்று. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் வாட்டுக்குப் பிடிக்கவில்லை. 1791இல் ஆலை தீக்கிரையானது.

கார்ன்வாலில் தொடக்கத்தில் வரவேற்கப்பட்ட உரிமைத்தொகையே பின்னர்ப் பூசலுக்கு வித்திட்டது. பழைய கரிச்செலவு மறந்துபோக, ஆண்டுதோறும் கொடுக்கும் பணம் சுரங்கத்தார் கண்ணுக்குக் கப்பமாகத் தெரிந்தது. சிலர் தொகையை நிறுத்தினர். எட்வர்டு புல், ஜொனதன் ஹார்ன்புளோவர் ஆகியோர் போட்டி எந்திரங்களைக் கட்டினர். நீண்ட வழக்குகளுக்குப் பின் 1799இல் தீர்ப்பு வாட் தரப்புக்குச் சாதகமாயிற்று. மறு ஆண்டே காப்புரிமை காலாவதியானது. அதற்குள் ஏறத்தாழ 500 எந்திரங்கள் நிறுவப்பட்டிருந்தன. அவற்றில் பாதிக்கு மேல் ஆலைகளை ஓட்டிய சுழல் எந்திரங்கள்.