கேள்வி கண்டெடுத்த மருந்து: அவெர்மெக்டின் வரலாறும் இயற்கை விளைபொருள் ஆய்வாளரின் பயிற்சியும்

மண்ணிலும் நீரிலும் வாழும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் தம் வளர்ச்சிக்கு நேரடியாகத் தேவைப்படாத பல சேர்மங்களையும் ஆக்கி வெளியிடுகின்றன. அவற்றைப் பிரித்தெடுத்து, மருந்தாகவோ பயிர்க்காப்புப் பொருளாகவோ பயன்படத்தக்கவற்றைக் கண்டறியும் துறையே தொழில்சார் நுண்ணுயிரியலில் இயற்கை விளைபொருள் ஆய்வு எனப்படுகிறது. அத்துறையின் வெற்றிகளுள் மிகுதியாகப் பேசப்படுவது, ஜப்பானிய வேதியியலாளர் சதோஷி ஓமுராவுக்கும் அயர்லாந்தில் பிறந்த ஒட்டுண்ணியியலாளர் வில்லியம் கேம்பெலுக்கும் 2015-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் பாதியைப் பெற்றுத்தந்த, ஒட்டுண்ணிப் புழுக்களைக் கொல்லும் அவெர்மெக்டினின் கண்டுபிடிப்பாகும். ஷிசுவோகா மாநிலத்தில் இட்டோ நகரை அடுத்த கவானாவில், கோல்ஃப் மைதானம் ஒன்றின் அருகே எடுத்த மண்ணிலிருந்து அம்மருந்து கிடைத்தது என்பதே இவ்வரலாறு வழக்கமாகச் சொல்லப்படும் முறை. மண் அங்கே எடுக்கப்பட்டது உண்மைதான். ஆனால் கண்டுபிடிப்பு ஏன் நிகழ்ந்தது என்பதற்கு அம்மண் மிகக் குறைந்த விளக்கமே தருகிறது. அம்மண்ணிலிருந்து வளர்த்த உயிரியின் முன் வைக்கப்பட்ட கேள்வி, அதாவது அதைக் கொண்டு செய்யப்பட்ட சோதனை, வேறாக இருந்திருந்தால் அவெர்மெக்டின் கண்ணில் பட்டிருக்காது என்பதும், ஆகவே இத்துறைக்கு வருவோரின் பயிற்சியில் சோதனையை வடிவமைக்கும் திறன் நுண்ணுயிரைப் பிரித்தெடுக்கும் திறனுக்கு நிகராக இடம்பெற வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்துறை கண்ட பெருவெற்றிகள் பெரும்பாலும் ஒரே வகைச் சோதனையால் கிடைத்தவை. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் ஷாட்ஸ் 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டறிந்தது அவ்வழியில்தான். மண்ணை நீரில் கலக்கிப் பலமுறை நீர்த்து, ஊட்டப்பொருள் சேர்த்த அகார் தட்டில் பரப்பினால், சில நாட்களில் வழவழப்பான பாக்டீரியாக் கூட்டங்களுக்கு இடையே, சுண்ணாம்புப் பொடி தூவினாற்போல் வறண்ட மேற்பரப்பு கொண்ட ஆக்டினோமைசீட் கூட்டங்கள் எழும்; புது மழை பெய்த மண்ணின் வாசனையும் அவற்றிலிருந்து வரும். பூஞ்சையைப் போல இழையிழையாக வளர்ந்தாலும் இவை பாக்டீரியாக்களே. ஸ்ட்ரெப்டோமைசிஸ் இவற்றுள் பெரிய பேரினம். அக்கூட்டங்களுள் ஒன்றை எடுத்து, நோய்க்கிருமி பரப்பிய வேறொரு தட்டில் வைக்கும்போது, அது கிருமியைத் தடுக்கும் பொருளைச் சுரக்குமானால், அதைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வளையம் ஒன்று தோன்றும். செலவு குறைவு, விடை விரைவில் கிடைக்கும், வெறுங்கண்ணால் படித்துவிடலாம் என்பவை இச்சோதனையின் சிறப்புகள். ஆனால் கிருமியைத் தடுக்காத எப்பொருளும் இத்தட்டில் இல்லாத பொருளாகவே தோற்றமளிக்கும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

அவெர்மெக்டின் அத்தகைய பொருள். கேம்பெல் பணியாற்றிய அமெரிக்க மருந்து நிறுவனமான மெர்க், ஓமுரா பணியாற்றிய டோக்கியோவின் கிடாசாடோ நிறுவனம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் 1979-இல் வெளியிட்ட முதல் அறிக்கைகளிலேயே, இச்சேர்மத் தொகுதி பாக்டீரியாக்களுக்கும் பூஞ்சைகளுக்கும் எதிராகக் குறிப்பிடத்தக்க செயல் எதையும் காட்டவில்லை என்ற செய்தி இடம்பெற்றிருந்தது. இதை ஆக்கும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் அவெர்மிட்டிலிஸ் என்ற உயிரி, 1950-களிலேயே அறியப்பட்டிருந்த ஒலிகோமைசின் என்ற பூஞ்சையெதிர்ப் பொருளையும் ஆக்கக்கூடியது என்பதை இங்கே நினைவில் கொள்வது நல்லது. பூஞ்சை பரப்பிய தட்டில் இவ்வுயிரி ஒருவேளை வளையம் காட்டியிருந்தாலும், அவ்வளையத்தைத் தொடர்ந்து சென்ற வேதியியலாளர் பழைய சேர்மம் ஒன்றையே மீண்டும் கண்டு, உயிரியை ஒதுக்கியிருக்கவே வாய்ப்பு மிகுதி. அறிந்ததை மறுபடி கண்டெடுப்பதே இத்துறையில் உழைப்பை மிகுதியாக விழுங்கும் இடர் என்பதை ஆய்வகத்தில் இருந்தவர் எவரும் அறிவர்.

நியூ ஜெர்சியின் ராவே நகரில் இருந்த மெர்க் ஆய்வகத்தில் கேம்பெலும் அவருடைய குழுவினரும் கையாண்ட சோதனை முற்றிலும் வேறானது. நெமட்டோஸ்பிராய்டிஸ் டூபியஸ் என்ற உருளைப்புழுவைச் சுண்டெலிக்குத் தொற்றவைத்து, நுண்ணுயிர் வளர்ந்த நீர்மத்தை அதன் தீவனத்தில் கலந்து சில நாட்கள் ஊட்டி, பிறகு எச்சத்தில் புழுமுட்டை தென்படுகிறதா, குடலில் புழு எஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பதே அவர்கள் முறை. தட்டுச் சோதனையை நோக்க இது மெதுவானது, செலவு மிக்கது, விலங்குகளைப் பயன்படுத்துவது. ஆனால் ஒரே சுண்டெலியில் பல விடைகள் சேர்ந்து கிடைத்தன: சேர்மம் வாய்வழி கொடுத்தாலும் செயல்படுகிறதா, குடலில் சிதையாமல் நிற்கிறதா, புழுவைக் கொல்லும் அளவில் விலங்கை விட்டுவைக்கிறதா என்பன தட்டில் ஒருபோதும் தெரியாதவை. கிடாசாடோ ஆய்வாளர்கள், இயல்பு வழக்கத்துக்கு மாறாகத் தோன்றிய உயிரிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தனர். அவற்றுள் ஒன்றின் வளர்ப்பு நீர்மம் 1975-இல் சுண்டெலியின் குடலிலிருந்து புழுக்களை அகற்றியது.

கேள்வியே பொருளின் அடையாளத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு மில்பமைசினின் வரலாறு இன்னும் வலுவான சான்று. அவெர்மெக்டினோடு நெருங்கிய உறவுடைய, பதினாறு அணுக்கள் கொண்ட பெருவளைய அமைப்பை உடைய இச்சேர்மங்களை ஜப்பானின் சாங்கியோ நிறுவனத்தார் அவெர்மெக்டினுக்கு முன்பே, 1970-களின் தொடக்கத்தில், மற்றொரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் உயிரியிலிருந்து கண்டறிந்திருந்தனர். அவர்கள் தேடியது பயிர்களைத் தாக்கும் சிலந்திப்பேன்களைக் கொல்லும் பொருள். ஆகவே மில்பமைசின் பேன்கொல்லியாகவே அறிமுகமாயிற்று. அதற்கும் புழுவைக் கொல்லும் ஆற்றல் உண்டு என்பது அவெர்மெக்டின் வெளிவந்த பிறகே கவனத்துக்கு வந்து, பின்னர் நாய்களின் இதயப்புழுவுக்கு மருந்தாக அதன் வழிப்பொருள் பயன்படலாயிற்று. ஒரே குடும்பச் சேர்மங்கள், ஏறத்தாழ ஒரே காலம், ஒரே நாட்டு மண். கேட்ட கேள்வி மட்டுமே வேறு.

இவ்வாதத்துக்கு இரண்டு மறுப்புகள் உள்ளன. இரண்டும் புறந்தள்ளத்தக்கவை அல்ல. முதலாவது நல்வாய்ப்பு பற்றியது. உலகெங்கும் எண்ணற்ற மண்மாதிரிகள் சோதிக்கப்பட்ட பின்னரும் அவெர்மெக்டினுக்கு மூலமாக நின்றது கவானா மண்ணிலிருந்து வந்த அந்த ஒரே உயிரிதான். அது அனுப்பப்பட்ட குப்பிகளுள் இல்லாதிருந்தால் கேம்பெலின் சுண்டெலிகள் எதையும் சொல்லியிருக்க முடியாது. இது முழு உண்மை. எனினும் நல்வாய்ப்பைப் பயிற்றுவிக்க முடியாது. சோதனை வடிவமைப்பைப் பயிற்றுவிக்க முடியும் என்பதால், பயிற்சி பற்றிய முடிவு இதனால் மாறுவதில்லை. இரண்டாவது மறுப்பு ஓமுராவின் சொந்தப் பணியிலிருந்தே எழுகிறது. நைட்ரஜன் கொண்ட அல்கலாய்டுகளோடு சேர்ந்து ஆரஞ்சு நிறம் தரும் டிராகன்டார்ஃப் வினைப்பொருளைக் கொண்டு, எந்த உயிர்ச்செயலையும் முன்கூட்டித் தேடாமல், வேதியியல் அடிப்படையில் மட்டுமே சேர்மங்களைச் சேகரிக்கும் முறையையும் அவர் கையாண்டார். அவ்வழியில் 1977-இல் கிடைத்த ஸ்டாரோஸ்போரின், புரதக் கைனேஸ் எனப்படும் நொதிகளை மிக வலுவாகத் தடுக்கிறது என்பது 1986-இல்தான் வெளிப்பட்டது. அதன் வழிப்பொருளான மிடோஸ்டாரின் 2017-இல் ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கேள்வியே இல்லாமல் கண்டெடுத்த சேர்மமும் மருந்தாகியிருக்கிறது என்பது இதன் பொருளா? ஒரு வகையில் ஆம். ஆனால் ஸ்டாரோஸ்போரின் ஒன்பது ஆண்டுகள் பெயர் மட்டும் உள்ள பொருளாகக் கிடந்ததும், வேறொரு குழு வேறொரு சோதனையில் வைத்துப் பார்த்தபோதே அது முக்கியத்துவம் பெற்றதும், கேள்வியைத் தள்ளிப்போடலாமேயன்றித் தவிர்க்க முடியாது என்பதையே காட்டுகின்றன.

ஓமுராவின் வாழ்க்கைப்பணி சோதனையை வடிவமைக்கும் திறன் எவ்வாறு உருவாகிறது என்பதற்கும் வெளிச்சம் தருகிறது. அவர் நுண்ணுயிரியலாளராகப் பயின்றவர் அல்லர். 1958-இல் யமனாஷி பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, டோக்கியோவில் மாலைநேரப் பள்ளியில் ஆசிரியராக இருந்துகொண்டே முதுகலை வேதியியல் படித்து, 1965-இல் கிடாசாடோ நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்குத் தரப்பட்ட பணி, பிறர் கண்டறிந்த நுண்ணுயிர்க்கொல்லிகளின் மூலக்கூறு அமைப்பைத் தீர்மானிப்பது. அதில் திறமை பெற்ற பின், பிறர் கண்டதற்கு வடிவம் எழுதுவதோடு நில்லாமல் தாமே தேடவேண்டும் என்று துணிந்து, நுண்ணுயிரைப் பிரிப்போரையும் வகைப்படுத்துவோரையும் வேதியியலாளரையும் ஒரே குழுவில் இணைத்தார். அவெர்மெக்டின் உயிரிக்கு 2002-இல் புதிய சிற்றினப் பெயர் தந்த யோகோ தகஹாஷி அக்குழுவில் வளர்ந்தவர். மெர்க்கின் ஆய்வுத் தலைவராக இருந்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்கு மாறியிருந்த மேக்ஸ் டிஷ்லரிடம் ஓமுரா 1971-இல் சென்று பணியாற்றியதன் தொடர்ச்சியாகவே, மெர்க்கோடு 1973-இல் உடன்பாடு ஏற்பட்டது. அவ்வுடன்பாட்டின்படி கிடைத்த ராயல்டி பின்னாளில் கிடாசாடோ நிறுவனத்தைத் தாங்கியதோடு, சைதாமா மாநிலத்தில் ஒரு மருத்துவமனை எழவும் உதவியது. டோக்கியோவில் புழு தொற்றிய சுண்டெலிகள் இல்லை. ராவேயில் கவானா மண் இல்லை. தன்னிடம் இல்லாத சோதனை எங்கே இருக்கிறது என்று அறிந்து, தன் உயிரியை அங்கே கொண்டுசேர்த்த அந்த ஏற்பாட்டை நிர்வாக விவரம் என்று ஒதுக்காமல், கண்டுபிடிப்பின் உள்ளுறுப்பாகவே கருத வேண்டும்.

கண்டபின் நடந்தவை சுருக்கமாகச் சொல்லத்தக்கவை. வளர்ப்பு ஊடகத்தைச் சீர்திருத்தியும் மேம்பட்ட வகைகளைத் தேர்ந்தும் நொதித்தலின் விளைச்சல் ஒரு மில்லிலிட்டருக்கு 9 மைக்ரோகிராமிலிருந்து 500 மைக்ரோகிராமாக உயர்த்தப்பட்டது. ஒரு குறிப்பிட்ட இரட்டைப் பிணைப்பில் மட்டும் ஹைட்ரஜனைச் சேர்த்துப் பெற்ற ஐவர்மெக்டின் 1981-இல் கால்நடை மருந்தாக விற்பனைக்கு வந்தது. கருப்பு ஈக்களால் பரவி ஆற்றங்கரை மக்களின் பார்வையைப் பறித்த ஓங்கோசெர்சியாசிஸ் நோய்க்கு அதை வேண்டிய அளவு இலவசமாகத் தருவதாக மெர்க் 1987-இல் அறிவித்தது. அந்நோய் ஒழிந்ததாக உறுதிசெய்யப்பட்ட முதல் நாடாகக் கொலம்பியா 2013-இல் அறிவிக்கப்பட்டது. யானைக்கால் நோய்க்கு ஐவர்மெக்டினையும் சேர்த்த மும்மருந்து முறையை உலக சுகாதார நிறுவனம் 2017-இல் பரிந்துரைத்த பின், இந்தியாவிலும் அது பயன்பாட்டுக்கு வந்துள்ளது.

இம்மருந்து புழுவின் உடலில் எங்கே செயல்படுகிறது என்பது தெளிவானது 1990-களில்தான். முதுகெலும்பிலிகளின் நரம்பிலும் தசையிலும் உள்ள, குளூட்டமேட்டால் திறக்கப்படும் குளோரைடு வாயில்களை அது திறந்தநிலையில் வைத்துப் புழுவைச் செயலிழக்கச் செய்கிறது. இந்தக் காலவரிசை மிக முக்கியமானது. குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தனியே பிரித்து, அதைத் தடுக்கும் சேர்மத்தை ஆயிரக்கணக்கில் சோதித்துத் தேடும் முறை 1990-களில் பெருநிறுவனங்களில் ஓங்கியபோது, பல சேர்மங்கள் கலந்த வளர்ப்பு நீர்மங்கள் அதற்குப் பொருந்தாமற்போக, இயற்கை விளைபொருள் பிரிவுகள் பல மூடப்பட்டன. 1975-இல் அத்தகைய சோதனையே வழக்காக இருந்திருந்தால், தேடவேண்டிய புரதம் இன்னதென்று எவருக்கும் தெரியாத நிலையில் அவெர்மெக்டினைத் தேடவே முடிந்திருக்காது.

2003-இல் முழுமையாக வெளியிடப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசிஸ் அவெர்மிட்டிலிஸின் மரபணுத்தொகுதி, ஏறத்தாழ 90 லட்சம் இணைகள் நீளமானது. அதில் வளர்ச்சிக்கு நேரடியாகத் தேவைப்படாத சேர்மங்களை ஆக்குவதற்கான மரபணுக் கொத்துகள் 30 அளவில் இருப்பதாகக் கணக்கிடப்பட்டது. 2010-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அத்தொகுதியிலிருந்து 14 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைகளை நீக்கி, பிற உயிரிகளின் கொத்துகளை ஏற்று ஆக்கும் ஊர்தியாக இவ்வுயிரியை மாற்றி, அதில் ஸ்ட்ரெப்டோமைசினையும் பெற்றுக் காட்டினர். இன்று இத்துறைக்குள் நுழையும் மாணவர் மரபணு வரிசையைப் படிக்கவும் கொத்தை இடம் மாற்றவும் கற்றுக்கொள்கிறார். அவ்வாறு எழும் புதிய சேர்மத்தை எந்தப் புழுவின் முன், எந்தப் பூச்சியின் முன், எந்த நோயுற்ற உயிரணுவின் முன் வைப்பது என்பதை மரபணு வரிசை சொல்லாது. அதைக் கற்க அவர் ஒட்டுண்ணியியல், பூச்சியியல், மருந்தியல் ஆய்வகங்களில் முறையாகச் சில மாதங்களாவது பணியாற்ற வேண்டும். நுண்ணுயிரியல் முதுகலைப் பாடத்திட்டத்தில் அப்பணிக்கு நொதித்தல் பொறியியலுக்கு ஈடான மதிப்பெண் அளிக்கப்பட வேண்டும்.