டிவிக்குப் பின்னாடி நாலு ஓட்டை

டிவிக்கு முன்னால் உட்கார்ந்து எழுதுகிறவர்கள் நிறைய. நான் பின்னாடி போய் எழுதுகிறேன் :-) அங்கே தூசிக்கும் ஒட்டடைக்கும் நடுவில் இருக்கிற ஓட்டைகளில் ஐம்பது வருட சரித்திரம் இருக்கிறது.

இந்த ஆராய்ச்சிக்குக் காரணம் 2020. ஊரடங்கு. தங்கச்சிக்கு ஆன்லைன் வகுப்பு, வீட்டில் இருந்த ஒரே நல்ல போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த இலவச லேப்டாப் இருந்தது, ஆனால் கீழே விழுந்து திரை நொறுங்கிப் போயிருந்தது. உள்ளே உயிர் இருக்கு, முகம் இல்லை! கூடவே 2006-ல் ஆரம்பித்த கலைஞர் திட்டத்தில் வந்த 14 இன்ச் கலர் டிவி. இரண்டு ஆட்சியின் இலவசத்தையும் ஒன்றாகக் கட்டிவைக்க வேண்டியதுதானே என்று நினைத்தேன். கட்சிக்காரர்களுக்கே முடியாததை நான் முயற்சி செய்திருக்கக் கூடாதோ என்னவோ.

முதல் ஓட்டை ஆன்டெனாவுக்கானது. சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. சாலிடேர், டயனோரா என்று கதவு வைத்த மரப்பெட்டி டிவிகள் வந்த காலம். அவற்றில் பெரும்பாலும் இந்த ஒரு வாசல்தான், உள்ளே வர வேண்டுமென்றால் ஏதாவது ஒரு டிவி நிலையமாக இருந்தாக வேண்டும். அதனால் பிறகு வந்த சாதனங்கள் எல்லாம் நிலையம் மாதிரி வேஷம் போட்டன. வி.சி.ஆர். (நம்ம ஊர் பாஷையில் 'டெக்') தனக்குள் ஒரு குட்டி ஒளிபரப்புப் பெட்டியை வைத்துக்கொண்டு, படத்தை ஒரு சேனல் அலைவரிசையில் ஏற்றி அனுப்பும். டிவியைத் திருகித் திருகி அந்தச் சேனலைப் பிடிக்க வேண்டும். 1982-ல் வந்த ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரும் இதே வேஷம்தான். 1984-ல் நம் நாட்டுப் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொண்டுவந்த 'கிளாஸ்' திட்டத்தின் பி.பி.சி. மைக்ரோவிலும் டிவிக்கான அந்த வாசல் உண்டு.

1982 டெல்லி ஏசியாட் சமயத்தில் கலர் வந்தது. கடையநல்லூர் பக்கம் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் டெக்கோடு இறங்கினார்கள். டிவியும் டெக்கும் ஒரு ராத்திரி வாடகைக்கு எடுத்து, தெருவே பாய் விரித்து விடிய விடிய மூணு படம் பார்த்ததை ஆச்சி இன்றும் சொல்வாள். ஆடிக் காற்றில் ஆன்டெனா செங்கோட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டு படம் போய்விடுமாம். டெக் போட்டால் அந்தக் கவலை இல்லை. அதனாலேயே ஆச்சிக்குத் தூர்தர்ஷனைவிட டெக் மேல் மரியாதை.

இரண்டாவது, மஞ்சள்-வெள்ளை-சிவப்பு. இந்த வட்டப் பின்னை அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனி 1930-களில் ரேடியோகிராமுக்காகக் கொண்டுவந்தது, படத்துக்காக அல்ல! மஞ்சளில் படம் வேஷம் போடாமல் நேராக வரும். ஆனால் வெளிச்சம், நிறம், வரி எப்போது தொடங்க வேண்டும் என்கிற சைகை மூன்றும் ஒரே கம்பியில் நெருக்கியடித்து வரும், சீசன் நேரத்துக் குற்றாலம் பஸ் மாதிரி. சினிமா பார்க்கப் போதும். எழுத்து படிக்கத்தான் கண் வலிக்கும்.

மூன்றாவது வி.ஜி.ஏ. 1987-ல் ஐ.பி.எம். கொடுத்த 15 பின் தலை. சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனிக் கம்பி, சைகைகளுக்குத் தனியாக இரண்டு. எழுத்து பளிச்சென்று தெரிந்ததற்கு இதுதான் காரணம். எங்கள் டிவியில் இது இல்லை, லேப்டாப்பில் இருந்தது. நானும் தென்காசியில் ஒரு கடையில், ஒரு முனை வி.ஜி.ஏ., மறுமுனை மஞ்சள் பின் என்றிருந்த வயரை வாங்கி வந்து மாட்டினேன். திரை முழுக்கக் கிழிந்த கோடுகள். தங்கச்சி நோட்டோடு உட்கார்ந்திருந்தாள், வகுப்பு ஒன்பதரைக்கு. அன்றைக்கு அவள் வகுப்பு போனது போனதுதான்.

வேறொரு ரிப்பேர் கடை அண்ணாச்சிதான் விளக்கினார். "தம்பி, வயரைச் சேர்த்தா மட்டும் போதாதுடே, ரெண்டும் ஒரே வேகத்துல ஓடணும்." பிறகு படித்தபோது கணக்கு புரிந்தது. நம் ஊர் டிவி முறையில் ஒரு படத்துக்கு 625 வரி, வினாடிக்கு 25 படம், அதாவது 15,625 வரி. வி.ஜி.ஏ. வினாடிக்குச் சுமார் 31,500 வரி தள்ளும். ஏறக்குறைய இரு மடங்கு. நடந்து வருகிறவன் கையை ஓடுகிறவன் பிடித்து இழுத்தால் என்ன ஆகும்? சில பழைய கிராபிக்ஸ் கார்டுகள் டிவிக்கான சிக்னலையே அந்த வாசல் வழியாக அனுப்பும், அவற்றுக்கு மட்டும்தான் அந்த வயர் சரிப்படும்.

நாலாவது எச்.டி.எம்.ஐ. இதுவும் எங்கள் டிவியில் கிடையாது, லேப்டாப்பின் பக்கவாட்டில் இருந்தது. ஏழு கம்பெனிகள் சேர்ந்து 2002 டிசம்பரில் வெளியிட்ட முறை. படமும் ஒலியும் எண்களாக ஒரே வயரில் போகும். இன்டெல், ஏ.எம்.டி. முதலானவை 2010-லேயே வி.ஜி.ஏ.வை 2015-க்குள் கைவிடப் போவதாக அறிவித்துவிட்டன. அண்ணாச்சி கொடுத்தது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. ஒரு பக்கம் எச்.டி.எம்.ஐ., மறுபக்கம் மூன்று நிறப் பின். இது வெறும் வயர் இல்லை, எண்களைப் படித்து, படத்தைச் சுருக்கி, டிவியின் வேகத்துக்குப் புதிதாக எழுதித் தருகிற சின்ன கம்ப்யூட்டர். யு.எஸ்.பி.யிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளும்.

மாட்டினேன். ஓடியது!

கணக்கு டீச்சர் முகம் தெரிந்தது. ஆனால் 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியவில்லை. மஞ்சள் பின்னின் நெரிசல் போகவே இல்லை. திரையில் எழுத்தைப் பெரிதாக்கி, டிவிக்கு ஒரு முழ தூரத்தில் தங்கச்சியை உட்காரவைத்தோம். சந்தேகமான எண்ணை எனக்குக் காட்டுவாள், நான் வழியை வைத்து அது 3-தான் என்று சொல்வேன். ரெண்டு தடவை தப்பாகச் சொல்லி அடி வாங்கிக் கொடுத்தேன் (அம்மாவிடம்). அருவியில் குளிக்கத் தடை இருந்த அந்த வருடம் முழுக்கச் சாரலும் பார்க்காமல் இப்படியே அவள் எட்டாம் வகுப்பை முடித்தாள்.

அந்தப் பெட்டியைப் பார்த்து ஆச்சி கேட்டது ஒன்றுதான்: "இதுக்கு ஒரு ராத்திரி வாடகை எவ்வளவுடே?"