பிட், பைட், ஒருங்குறி

பிட் என்பது கணினி கையாளும் தகவலின் மிகச் சிறிய அலகு. 0 அல்லது 1 என்னும் இரண்டில் ஒன்றாக நிற்பதே அதன் லட்சணம். எரியும் விளக்கும் அணைந்த விளக்கும் போல, தனித்த ஒரு பிட் 'உண்டு', 'இல்லை' என்பதற்கு மேல் எதையும் தெரிவிக்க மாட்டாது. 1948-இல் கிளாட் ஷானன் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர், செய்திப் பரிமாற்றத்தைப் பற்றி வெளியிட்ட கட்டுரையில் இச்சொல்லைப் பிரயோகித்து, அதைச் சொன்னவர் ஜான் டூக்கி என்றும் குறித்தார்.

எட்டு பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். இரண்டை எட்டு முறை பெருக்கினால் 256 ஆதலால், ஒரு பைட்டுக்கு 256 வெவ்வேறு நிலைகள் உண்டு. இணைய இணைப்பின் வேகம் பிட்டிலும், கோப்பின் அளவு பைட்டிலும் சொல்லப்படுவது வழக்கம். ஆகையால் விநாடிக்கு 100 மெகாபிட் என்று விற்கப்படும் இணைப்பில், விநாடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் இறங்காது.

கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று வகுத்த அட்டவணையே குறியாக்கம். 1963-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி அட்டவணையில் இருந்த ஸ்தானங்கள் 128. அவை ஆங்கிலத்துக்குப் போதுமானவை, 247 எழுத்துடைய தமிழுக்கோ அதில் இடமே இல்லை. எனவே எழுத்துருச் செய்தவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி ஆங்கில எழுத்துகளின் இடத்திலும், மிஞ்சிய இடங்களிலும் தமிழைக் குடியேற்றினார்கள். ஓர் எழுத்துருவில் எழுதிய கடிதம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளின் குவியலாய்த் தோன்றியதற்குக் காரணம் இதுவே.

இந்தக் குழப்பத்துக்குப் பரிகாரமாக, உலக மொழிகள் அனைத்தின் எழுத்துகளுக்கும் ஒரே அட்டவணையில் எண் தர முனைந்த ஏற்பாடே ஒருங்குறி. அதன் முதற் பதிப்பு 1991-இல் வெளிவந்தது, தமிழும் அப்போதே இடம் பெற்றது. அதில் அகரத்தின் எண் 2949; ககரத்தின் எண் 2965. இங்கே இலக்கணம் பயின்றவர் கவனிக்க வேண்டிய விசேஷம் ஒன்று உண்டு. நம் மரபில் 'க்' என்னும் மெய்யோடு அகரம் சேர்ந்து 'க' பிறக்கும். ஒருங்குறியிலோ 'க' முதலில் நிற்க, அதன்மேல் புள்ளி சேர்ந்து 'க்' ஆகும். 'தமிழ்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது மூன்றெழுத்து. கணினியிலோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து எண்கள். கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-இல் வகுத்த யுடிஎஃப்-8 முறையில் அவ்வைந்தும் தலைக்கு மூன்று பைட்டாகச் சேமிக்கப்படுவதால், அச்சொல் முழுதும் 15 பைட்டு. தமிழிலக்கணத்தின் இயல்பை ஒருங்குறி தலைகீழாக்கிவிட்டது என்ற குறை நியாயமானதே. ஆயினும் எல்லா நாட்டுக் கணினிகளிலும் கைபேசிகளிலும் ஒரே தமிழ் தெரிவதென்பது அக்குறையைக் காட்டிலும் பெரிய லாபம் என்பது எம் அபிப்பிராயம். ஒருமுறை ஓர் எழுத்துக்குத் தந்த எண்ணைப் பின்னர் மாற்றுவதில்லை என்பதும் அந்த ஏற்பாட்டின் உறுதியான விதி.

பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கதைகளும் கடிதங்களும் ஊர் வரலாறுகளும் இன்னும் பலருடைய வீட்டுக் கணினிகளில் உறங்குகின்றன. அவ்வெழுத்துருக்களின் அட்டவணைகளை அறிந்த மாற்றிகள் கிடைக்கும் காலத்திலேயே, வாசகர்கள் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.