கல்லூரிகளை அளந்த கோல்கள்: ஒரு வரலாற்று நோக்கு

பொருள்களைத் தரம் பிரிக்குங்கால் எப்பண்பைக் கொண்டு பிரிப்பது என்பதே முதல் வினாவாகும். தூத்துக்குடிக் கடற்கரையார் இதனை நன்கறிவர். 1961ஆம் ஆண்டோடு நின்றுபோன முத்துக்குளிப்பில் கிடைத்த முத்துகளை, துளையளவு படிப்படியாகக் குறையும் பித்தளைச் சல்லடைகளிலிட்டு முதற்கண் பருமையால் பிரித்தனர். பின்னரே உருட்சியையும் ஒளியையும் கண்ணால் நோக்கி விலை வகுத்தனர். சல்லடை பருமையைக் காட்டும், ஒளியைக் காட்டாது. கல்லூரிகளை அளந்த கோல்களின் வரலாற்றை இக்கருத்தோடு ஈண்டு ஆராய்வாம்.

1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம் முதலில் தேர்வு நடத்தும் கழகமாகவே இருந்தது. பி.ஏ. வரை கற்பித்தவை முதல்நிலைக் கல்லூரிகள் எனவும், எஃப்.ஏ. வரை கற்பித்தவை இரண்டாம் நிலைக் கல்லூரிகள் எனவும் வழங்கின. இப்பெயர்கள் குறித்தது பாட எல்லையை, கற்பித்தலின் சிறப்பையன்று. 1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் ஆசிரியர் தகுதி, கட்டடம், நூலகம், ஆய்வுக்கூடம், பொருள்நிலை ஆகியவற்றை இணைப்புக்குரிய நிபந்தனைகளாக்கியது. எனவே, அளவை பாட எல்லையினின்றும் வசதிக்கு விரிந்தது எனலாம்.

அமெரிக்க நாட்டில் 1911இல் பேப்காக் என்னும் கல்வி அதிகாரி 344 நிறுவனங்களை வகைப்படுத்தினார். பட்டம் பெற்றோர் மேற்பட்டப் படிப்புக்கு எத்துணை ஆயத்தமாயிருந்தனர் என்பதே அவர் கொண்ட அளவை. எதிர்ப்பு எழவே, குடியரசுத் தலைவர் டாஃப்ட் அப்பட்டியல் வெளிவராது தடுத்தார். 1973இல் வெளிவந்த கார்னகி வகைப்பாடோ நிறுவனங்களை உயர்வு தாழ்வு கூறாமல் அவை ஆற்றும் பணியால் இனம் பிரித்தது. வகை வேறு, வரிசை வேறு என்பது இதனால் தெளிவாகும்.

நம் நாட்டில் 1994இல் அமைந்த தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் குழு ஏழு கூறுகளால் கல்லூரிகளை மதிப்பிடலாயிற்று. 2015இல் அறிவிக்கப்பெற்று, 2016இல் முதற்பட்டியல் வெளியிட்ட தேசிய நிறுவனத் தரவரிசை ஐந்து கூறுகளைக் கொண்டது. பல்கலைக்கழகங்களுக்குக் கற்பித்தல் வளம் 30, ஆராய்ச்சி 30, பட்டம் பெற்றோர் நிலை 20, பரவலும் அனைவரையும் உள்ளடக்கலும் 10, பிறர் கருத்து 10 என மதிப்பு பகுக்கப்பட்டது.

இவ்வளவைகளைத் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆத்தூரில் நின்று நோக்குவோம். இவ்வூர்க் கொடிக்கால் உழவர் மக்களும், அண்மைக் கடற்கரை மீனவர் மக்களும் வடக்கே தூத்துக்குடிக்கோ தெற்கே திருச்செந்தூருக்கோ சென்று கற்பர். 1948இல் தோன்றிய தூய மரியன்னை கல்லூரி, 1951இல் தோன்றிய வ.உ.சிதம்பரம் கல்லூரி, 1965இல் தோன்றிய ஆதித்தனார் கல்லூரி ஆகியன இவ்வட்டாரத்திற்கு எட்டிய கல்வி நிலையங்கள். ஆனால், தரவரிசையில் வெளிமாநில மாணவர் விகிதமும் ஓர் உட்கூறு. தன் கரையோர மக்களுக்கே முதன்மையாகப் பயன்படும் கல்லூரி, அப்பயன்பாட்டினாலேயே இக்கூற்றில் மதிப்பெண் இழக்கும். ஆராய்ச்சிக் கூற்றுக்கு ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய தரவுத்தளங்கள் அடிப்படை. தமிழில் வெளிவரும் ஆய்விதழ்களுள் பெரும்பாலானவை அவற்றில் இடம்பெறா. ஆகவே, ஒரு தமிழாசிரியர் சுவடி ஒப்பிட்டு ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பதிப்பித்த நூலும் அக்கணக்கில் இல்பொருளாகிறது. நாளடைவில் கணக்கில் வாராத உழைப்பை இளைஞர் மேற்கொள்ள அஞ்சுவர். அளவைப் பிழை அங்ஙனம் துறையின் அழிவாகவே முடியும்.

இதனால் அளவையே வேண்டா என்பது நம் கருத்தன்று. அளவை இல்வழிப் புகழுரையே தரமாகிவிடும். முதலில் பணியால் இனம் பிரித்து, ஓரினத்துள்ளேயே ஒப்பிடுக. மாணவர் புகுந்தபோது இருந்த நிலைக்கும் வெளியேறும் நிலைக்கும் இடைப்பட்ட வளர்ச்சியைக் கணக்கிடுக. தமிழாய்வைத் தமிழறிந்த வல்லுநர் படித்து மதிப்பிடுக.

பவணந்தி முனிவர் நன்னூலில் கடை மாணாக்கர்க்குக் கூறிய உவமைகளுள் ஒன்று நெய்யரி. அது நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றிக்கொள்வது. மாணவரை மட்டுமன்றி, மாணவர் பயிலும் கல்லூரிகளை அளக்கும் கருவியையும் அவ்வுவமை கொண்டு சோதித்தல் நம் கடனாகும்.