புதன்கிழமைச் சங்கமும் ஒளியின் கதையும்

இலண்டன் மாநகரின் பிளீட் வீதிக்கு அணித்தே டோர்செட் வீதி என ஒரு சிறு வீதி இருந்தது. 1810 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அவ்வீதியின் 53 ஆம் இலக்க இல்லத்திலே, மாலை வேளைகளில் ஒரு சிறு கூட்டம் கூடுவது வழக்கமாயிருந்தது. வெள்ளி வேலை செய்யும் ஜோன் டேற்றம் என்பவர் அங்கே இயற்கை விஞ்ஞானம் பற்றிச் சொற்பொழிவாற்றினார். மின்சாரம், இரசாயனம், வானசாத்திரம், ஒளியியல் முதலாய பல துறைகளும் அவருடைய சொற்பொழிவுகளில் இடம்பெற்றன. கட்டணம் ஆளுக்கு ஒரு சிலிங். அந்தக் கூட்டத்தினிடையே ஒதுங்கியமர்ந்து குறிப்பெழுதிக்கொண்டிருந்தான் பதினெட்டு வயது இளைஞன் ஒருவன். கொல்லர் ஒருவரின் மகன் அவன். புத்தகங் கட்டும் கடையொன்றில் தொழில் பயின்றுவந்தவன். கட்டணமாகிய ஒரு சிலிங்கும் அவனிடமிருக்கவில்லை. தமையனே அதனைக் கொடுத்துதவினான். பிற்காலத்தில் உலகம் போற்றிய விஞ்ஞானி மைக்கேல் பரடே அவனே.

டேற்றத்தின் இல்லத்தில் அவ்விளைஞன் கேட்டவை ஒரு டசின் அளவான சொற்பொழிவுகளே. ஆயின் அங்கு அவன் பெற்ற பெரும்பேறு சொற்பொழிவுகள் மட்டுமல்ல, தோழமையுமாகும். 1808 ஆம் ஆண்டிலே டேற்றம் தோற்றுவித்த 'நகர மெய்யியற் சங்கம்' அவ்வில்லத்திலேயே இயங்கியது. அதன் அங்கத்தவர் முப்பது நாற்பது பேருக்கு மேற்படார். அவர்கள் பெரும்பாலும் எளிய நிலையினர். பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதித்தறியாத இளைஞர் புதன்கிழமைதோறும் மாலையிற் கூடி, ஒருவருக்கொருவர் ஆசிரியராயும் மாணவராயும் இருந்து கற்றனர். ஒரு புதன்கிழமை அங்கத்தவர் மாத்திரம் தனித்திருந்து, ஒவ்வொருவரும் முறையே எழுப்பும் வினாக்களை ஆராய்வர். அடுத்த புதன்கிழமை நண்பர்களும் வந்திருக்க, அங்கத்தவருள் ஒருவர் சொற்பொழிவு நிகழ்த்துவர். முறை வந்தும் பேசத் தவறியவர் அரைக் கினி தண்டம் இறுத்தல் வேண்டும். சிலிங் ஒன்றுக்கே தமையனை நாடிய இளைஞருக்கு அரைக் கினி சிறு தொகையன்று. ஆகவே எவரும் எளிதில் வாய்மூடியிருக்க இயலாது. கேட்பவனாயிருத்தல் போதாது, கற்றதைப் பிறர்க்கு விளங்கவுரைப்பவனாயும் இருத்தல் வேண்டும் என்பதே அச்சங்கத்தின் விதியாயிருந்தது. பரடே 1813 ஆம் ஆண்டில் அதன் அங்கத்தவராகி, 1816 இல் தம் முதலாவது சொற்பொழிவை அங்கு நிகழ்த்தினார்.

இதற்கிடையில் அவருடைய வாழ்க்கை திசைமாறியிருந்தது. அல்பெமார்ல் வீதியில் 1799 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட றோயல் இன்ஸ்டிட்யூஷன் என்னும் விஞ்ஞான நிலையம், அக்காலத்துச் செல்வர் விரும்பிச் செல்லும் இடமாயிருந்தது. அங்கே ஹம்ப்ரி டேவி ஆற்றிய இரசாயனச் சொற்பொழிவுகளைக் கேட்கத் திரண்ட வண்டிகளின் நெருக்கத்தினாலேயே அவ்வீதி ஒருவழிப் பாதையாக்கப்பட்டது என்று கூறுவர். புத்தகங் கட்டும் பையன் தன் பணத்தில் நுழையக்கூடிய இடமன்று அது. கடைக்கு வந்துபோகும் வாடிக்கையாளரொருவர் மனமுவந்தளித்த நுழைவுச் சீட்டுகளே 1812 ஆம் ஆண்டில் அவரை அங்கு சேர்ப்பித்தன. மேல்மாடத்தில், மணிக்கூட்டுக்கு மேலேயுள்ள ஆசனத்திலிருந்து நான்கு சொற்பொழிவுகளைக் கேட்ட அவர், குறிப்புகளையெல்லாம் திருத்தியெழுதி, படம் வரைந்து, தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பிவைத்தார். 1813 மார்ச் 1 ஆம் நாள், வாரம் 25 சிலிங் ஊதியத்தில் அந்நிலையத்தின் ஆய்வுகூட உதவியாளரானார்.

ஒளியைப் பற்றிப் பேசுவதில் அந்நிலையத்துக்கு அதற்கு முன்னரே ஒரு கசப்பான அனுபவம் இருந்தது. 1801 ஆம் ஆண்டில் அங்கு பேராசிரியராக அமர்ந்த தோமஸ் யங், ஒளி ஓர் அலையென நிறுவ முற்பட்ட பேரறிஞர். ஒளியோடு ஒளி சேர்ந்தால் ஓரிடத்தில் வெளிச்சம் மிகுதலும் வேறோரிடத்தில் இருள் தோன்றுதலும் கூடும் என்ற தலையீட்டுத் தத்துவத்தை உலகுக்கு எடுத்துரைத்தவர் அவர். எனினும் அவருடைய சொற்பொழிவுகள் கேட்போர்க்குக் கடினமாயிருந்தன. அவர்கள் பின்தொடர முடியாத வேகத்தில், செறிந்த நடையில் அவர் பேசினார் என்பர். 1803 ஆம் ஆண்டில் அப்பதவியினின்றும் அவர் நீங்கினார். உண்மையைக் கண்டறிதல் ஓர் ஆற்றல். கண்ட உண்மையை மற்றவர் கண்முன் நிறுத்துதல் வேறோர் ஆற்றல் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இந்த இரண்டாம் ஆற்றலைப் பரடே முயன்று கற்றார். புதன்கிழமைச் சங்கத்தின் பழக்கத்தாற் கிடைத்த நண்பர் பெஞ்சமின் அபற் என்பவருக்கு 1813 ஆம் ஆண்டில் அவர் எழுதிய கடிதங்கள், சொற்பொழிவுக் கலை பற்றிய ஒரு சிறு சாத்திரமாகவே அமைந்தன. மண்டபத்தின் காற்றோட்டம், பேசுவோன் நிற்கும் நிலை, சோதனைக் கருவிகளை ஒழுங்காக வைத்தல் ஆகிய அனைத்தையும் அவற்றில் நுணுகி ஆராய்ந்தார். சொற்பொழிவு ஒரு மணி நேரத்தைத் தாண்டலாகாது என்பது அவர் கொண்ட முடிவு. பின்னர் 1818 ஆம் ஆண்டளவில், பேச்சுப் பயிற்சியளிக்கும் ஆசிரியரொருவரிடம் பணங்கொடுத்தும் பயின்றார். பிறவியிலேயே நாவன்மை வாய்க்கப்பெற்றவர் அவரெனக் கருதுவோர் இவ்வுழைப்பை அறியாதவரே.

அந்த உழைப்பின் பயன் பெருகியது 1825 ஆம் ஆண்டுக்குப் பின்னராகும். அவ்வாண்டின் கிறிஸ்துமஸ் காலத்திலே இளைஞர்க்கென ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு வரிசை அந்நிலையத்தில் தொடங்கப்பெற்றது. ஜோன் மிலிங்ரன் அதன் முதல் வரிசையை நிகழ்த்தினார். 1827 ஆம் ஆண்டில் அப்பணியை முதன்முறையாக ஏற்ற பரடே, 1860 ஆம் ஆண்டுவரை 19 வரிசைகளை நிகழ்த்தினார். விக்டோரியா மகாராணியாரின் மைந்தர்களும் 1855 ஆம் ஆண்டில் முன்வரிசையிலிருந்து அவற்றைக் கேட்டனர். ஒரு காலத்தில் இரவற் சீட்டோடு மேல்மாடத்திலிருந்தவர், இப்போது அரச குமாரர்க்கு ஆசிரியராய் மேசைமுன் நின்றார்.

1848 ஆம் ஆண்டிலும் மீண்டும் 1860 ஆம் ஆண்டிலும் அவர் எடுத்துக்கொண்ட பொருள், எவர் வீட்டிலும் உள்ள மெழுகுதிரி. அச்சொற்பொழிவுகளை வில்லியம் குறூக்ஸ் பதிப்பித்து 1861 இல் நூலாக வெளியிட்டார். அவற்றுள் ஒளியியல் சார்ந்த சோதனையொன்று குறிப்பிடத்தக்கது. மின்விளக்கொன்றின் கடுமையான ஒளியிலே மெழுகுதிரிச் சுடரை வைத்து, அச்சுடரின் நிழலைத் திரையில் விழச்செய்தார் பரடே. சுடருக்கும் நிழலுண்டோ என்று சிறுவர் வியந்தனர். அதனினும் வியப்பு யாதெனில், சுடரில் எப்பகுதி மிகப் பிரகாசமானதோ, அப்பகுதியின் நிழலே திரையில் மிகக் கருமையாய்த் தோன்றியது! ஒளி தருவதே ஒளியை மறைப்பது எங்ஙனம்? சுடரின் அப்பகுதியில் எரிந்து தீராத காபன் துகள்கள் நிறைந்திருக்கின்றன. சூட்டினாற் பழுத்து ஒளிர்வன அவையே. திண்மமாயிருத்தலின் பின்னாலிருந்து வரும் ஒளியைத் தடுப்பனவும் அவையே. திரையிலே விழுந்த அந்தக் கறுப்பைக் கண்ட சிறுவன், சுடரின் வெளிச்சத்துக்குக் காரணம் இன்னதென்பதைத் தானே உய்த்துணரும் நிலையை எய்தினான். வினாவைச் சோதனையே எழுப்பவும் விடையைச் சோதனையே தரவும் செய்தல் பரடேயின் முறை.

மேடையிற் பேசிய அதே கரங்கள் ஆய்வுகூடத்திலும் ஒளியைத் தேடின. தூரதரிசினிக் கருவிகளுக்கேற்ற சிறந்த கண்ணாடியை ஆக்கும்படி 1820 களில் அவரிடம் ஒரு பணி ஒப்படைக்கப்பட்டது. பல ஆண்டு உலைமுன் நின்றும் அப்பணி எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. அன்று அவர் ஆக்கிய, ஈயங் கலந்த கனத்த கண்ணாடித் துண்டுகள் எஞ்சிக் கிடந்தன. 1845 செப்ரெம்பர் 13 ஆம் நாள் அத்தகைய துண்டொன்றை வலிய மின்காந்தத்தினருகே வைத்து, அதனூடாக முனைவாக்கிய ஒளியைச் செலுத்தினார். காந்த விசையினால் அவ்வொளியின் முனைவுத் தளம் திரும்பியது. ஒளிக்கும் காந்தத்துக்கும் தொடர்புண்டென்று உலகம் முதன்முதலாகக் கண்டது அன்றுதான். பயனற்றதென ஒதுக்கப்பட்ட கண்ணாடியே அப்பெருங் கண்டுபிடிப்புக்குக் கருவியாயிற்று.

பரடேயின் வழித்தோன்றலாய் அம்மேடையில் நின்றவர் ஜோன் டிண்டல். அயர்லாந்தில் எளிய குடும்பத்தில் 1820 ஆம் ஆண்டு பிறந்த இவரும், நில அளவைத் தொழிலில் இருந்துகொண்டே பிறெஸ்ற்றன் நகரத்துத் தொழிலாளர் கல்வி நிலையத்திற் பயின்று, பின்னர் பாடசாலை ஆசிரியராய்ப் பணிபுரிந்தவர். 1854 ஆம் ஆண்டிலே அவர் இருட்டறையொன்றில் காட்டிய சோதனை புகழ்பெற்றது. நீர் நிறைந்த பாத்திரத்தின் பக்கத்துத் துவாரத்தினூடாக நீர் பாய்ந்து வளைந்து விழுந்தது. பாத்திரத்தினுள் செலுத்தப்பட்ட ஒளி, நேர்கோட்டில் வெளியேறிவிடாமல், நீர்த்தாரையோடு தானும் வளைந்து சென்றது. ஒளி உண்மையில் வளையவில்லை. நீருக்குள்ளிருந்து அதன் மேற்பரப்பை மிகவும் சாய்வாய் அடையும் ஒளி வெளியே போகாது முற்றாக உள்ளே தெறிக்கிறது. இவ்வாறு மீண்டும் மீண்டும் தெறித்தே அது நீரின் வழிச் செல்கிறது. இதனை 1841 ஆம் ஆண்டளவில் ஜெனீவா நகரில் டானியல் கொலாடன் என்பார் முன்னரே காட்டியிருந்தார். மக்கள் கண்டு மகிழ்ந்த அந்த நீர்த்தாரையின் தத்துவமே பின்னாளில் மெல்லிய கண்ணாடி இழைக்கும் பயன்பட்டது. அவ்விழைகளினூடே ஒளியால் நெடுந்தூரம் செய்தியனுப்புதல் கூடுமென 1966 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டிய சாள்ஸ் காவோ 2009 இல் நோபல் பரிசு பெற்றார்.

டிண்டல் 1872 ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று ஒளி பற்றி ஆறு சொற்பொழிவுகளை நகர்தோறும் நிகழ்த்தினார். அதனாற் கிடைத்த வருவாயிற் செலவு போக எஞ்சிய ஏறக்குறைய 13,000 டொலரையும் அந்நாட்டு இளம் விஞ்ஞான மாணவரின் கல்விக்கென்றே அளித்துவிட்டுத் திரும்பினார். தாம் ஏறிவந்த ஏணியைப் பின்வருவோர்க்காக நிறுத்திவைத்த செயல் அது.

ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது. அல்பெமார்ல் வீதியின் கதவு எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளைக் கேட்டவர் பெரும்பாலும் கட்டணம் செலுத்த வல்லோரின் பிள்ளைகளே. அவ்வாறு வசதிபெற்ற பிள்ளைகளுக்கும், அவர்கள் பயின்ற புகழ்மிக்க பாடசாலைகளிலே இலத்தீனும் கிரேக்கமுமே கல்வியெனப்பட்டன. விஞ்ஞானத்துக்கு அங்கு இடம் அரிதாயிருந்தது. இந்நிலையை ஆராய அமைந்த ஆணைக்குழுவின் முன் 1862 நவம்பரில் முதியவராகிய பரடே சாட்சியமளித்தார். இயற்கை பற்றிய அறிவு மனத்தைப் பண்படுத்தும் ஆற்றலற்றது என்ற கொள்கையை அவர் மறுத்தார். எளிமையாக எடுத்துரைப்பின் சிறுவர்க்கு விளங்காத விஞ்ஞானம் இல்லையென்பதற்கு அவருடைய பல்லாண்டு அனுபவமே சான்றாயிருந்தது. ஆண்டில் ஆறு நாள் மேடையிற் கிடைப்பது, ஆண்டு முழுவதும் வகுப்பறையிலே கிடைத்தல் வேண்டும் என்பதே அவ்வாதத்தின் சாரமாகும்.

அவ்விளக்கு அணையவில்லை. 1896 ஆம் ஆண்டில் சில்வானஸ் தொம்சன் கட்புலனாகும் ஒளியையும் கட்புலனாகா ஒளியையும் பற்றி அதே மேடையிற் பேசினார். 1931 ஆம் ஆண்டில் வில்லியம் பிராக் ஒளியுலகத்தைப் பொருளாகக் கொண்டார். 1939 முதல் 1942 வரையிலான போர்க் காலத்தில் மாத்திரம் அவ்வரிசை தடைப்பட்டது. 1966 ஆம் ஆண்டு முதல் அது தொலைக்காட்சி வாயிலாக இல்லந்தோறும் சென்றது. அன்றுதான் நுழைவுச் சீட்டின் தடை பெரும்பாலும் நீங்கியதெனலாம்.

அவ்வொளியின் கீற்றொன்று தமிழகத்தையும் தொட்டது. கண்ணாடிக் குழாயில் நுண்துகள்களைத் தோற்றுவித்து, வானின் நீலத்தை ஆய்வுகூடத்திலேயே டிண்டல் காட்டினார். அதற்குக் கணித விளக்கமளித்தவர் றேலி பிரபு. அக்கேள்வியைக் கடலின் நீலத்துக்கு விரித்தவர் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சந்திரசேகர வெங்கட இராமன். சென்னை மாநிலக் கல்லூரி மாணவராயிருந்தபோதே ஒளி பற்றிய முதலாவது கட்டுரையை 1906 ஆம் ஆண்டில் வெளியிட்ட அவர், 1928 இல் தம் பெயரால் வழங்கும் ஒளி விளைவைக் கண்டு 1930 இல் நோபல் பரிசு பெற்றார். 1968 டிசம்பரில், எண்பது வயதை எட்டிய அவர், அகமதாபாத்திலே சமுதாய விஞ்ஞான நிலையமொன்றுக்கு அடிக்கல் நாட்டியபோது எடுத்துக்கொண்ட பொருள், வானம் ஏன் நீலமாயிருக்கிறது என்பதே.

2018 ஆம் ஆண்டு தொடக்கம் மே 16 ஆம் நாள் உலக ஒளி தினமாகக் கொண்டாடப்படுகிறது. இன்று பல நாடுகளிலே பல்கலைக்கழக மாணவர் ஒளியியற் சங்கங்கள் அமைத்து, வில்லையும் அரியமும் ஏந்திப் பாடசாலைகளுக்குச் செல்கின்றனர். அவர்களுள் எத்தனை பேர் டோர்செட் வீதியின் பெயரைக் கேட்டிருப்பர்? அச்சங்கம் நெடுங்காலம் நிலைக்கவில்லை. எனினும் கற்றவன் பேசாதிருந்தால் தண்டம் இறுக்கவேண்டும் என்ற அதன் விதி இன்றும் பொருளுடையது. தமையன் ஈந்த ஒரு சிலிங்கும், வாடிக்கையாளர் தந்த நுழைவுச் சீட்டும் ஒரு சிறுவனுக்குக் கிட்டியிராவிடில் உலகம் எவ்வளவு வெளிச்சத்தை இழந்திருக்கும்! அத்தகைய சிறுவன் இன்றும் ஏதோவொரு சிற்றூரின் பாடசாலையிலே, கடைசி வாங்கில் அமர்ந்திருத்தல் கூடும். அவன் அல்பெமார்ல் வீதிக்குச் செல்ல இயலாது; ஆனால் வில்லையொன்று அவன் கைக்கு வருதல் கூடும்.